சும்மா விலை பார்க்க

நவநீதகிருஷ்ணன் அண்ணனுக்குப் பரமத்தி வேலூரில் ஆற்றுப் பாசனத்தில் பதினெட்டு ஏக்கர் நிலம். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு எல்லாம் உண்டு. தனக்குத் தெரியாத ஒரு விஷயமும் உலகத்தில் இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் அவருக்குக் கிடையாது. மழை எப்போது வரும், மோட்டார் காயில் ஏன் புகைந்தது, யார் வீட்டுச் சம்பந்தம் எதனால் முறிந்தது, எதற்கும் அவரிடம் பதில் தயார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

‘ஏழ்கோட்டை’ என்ற விளையாட்டு எங்கள் பக்கத்துக் கைப்பேசிகளில் பரவியபோது அதிலும் அவரே தளபதி ஆனார். யாரும் ஓட்டுப் போடவில்லை. படை ஒன்று தொடங்க ஐந்நூறு ரூபாய் கட்ட வேண்டியிருந்தது, அவர் கட்டினார். அந்த ஐந்நூறு ரூபாயை இரண்டு வருஷமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். படைக்குக் ‘காவிரிச் சிங்கங்கள்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். நான் காவிரிக்கரையில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறேன். எருமை பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை நீர்நாய் பார்த்தேன். சிங்கம் எதுவும் தண்ணீர் குடிக்க வந்ததில்லை.

நான் மஞ்சுளா. வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பைப், மோட்டார் கடையில் பில் போடுகிறேன். வீடு ஜேடர்பாளையம் போகிற வழியில். அப்பா அங்கமுத்து ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துப் பூவன் வாழை வைத்திருக்கிறார். விளையாட்டில் என் பெயர் செங்குளவி. வில் எடுத்துச் சண்டை போடுகிற ஆள். நவநீதண்ணன் பெயர் ராஜாதிராஜன். அவருக்காக உண்மையில் வாள் சுழற்றுவது அவருடைய மச்சான் சந்தோஷ்குமார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி ஆபீசில் இருக்கிறான். மாமன் தூங்கும்போது மச்சான் சண்டை போடுவான், விடிந்ததும் மாமன் வெற்றிவிழா கொண்டாடுவார்.

சண்டையைவிட எனக்குப் பிடித்தது அந்த விளையாட்டிலுள்ள ஏலக்கூடம். யாரிடம் என்ன பொருள் இருந்தாலும் அங்கே ஏலத்துக்கு வைக்கலாம். ஒரு நாள் முழுக்க ஏலம் ஓடும். கேட்பவர் பெயர் மறைந்திருக்கும். நேரம் முடிந்ததும் கடைசியாக அதிகம் கேட்டவருக்குப் பொருள், வைத்தவருக்குப் பொன். கூடத்துக்கு நூற்றுக்கு ஐந்து கமிஷன். நான் காயத்துக்குப் போடும் நீலப்பச்சிலையை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாங்குவேன். சண்டை முடிந்து வரும் வீரர்கள் அப்போது கைக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வெள்ளி, சனியில் அவர்களுக்கே விற்பேன். முகூர்த்தத்துக்கு முன்னால் வாழைத்தார் ஏறும், ஆடியில் இறங்கும் என்று தெரிந்த வீட்டில் பிறந்தவளுக்கு இதற்குப் படிப்பா வேண்டும்? சிங்கங்கள் என்னைத் ‘தழை விக்கிறவ’ என்று கேலி செய்தன. அந்தத் தழையில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பொன் சேர்த்திருந்தேன். கோட்டைக்குள் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீடு விற்பனைக்கு வரும், அதற்காக.

இங்கே மண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் தார் கொண்டுபோகும் மண்டியில் ஒரு வழக்கம். ஏலக்காரர் மூன்று தரம் சொன்ன பிறகும் சரக்குக்காரர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். சரக்குக்காரர் ‘கட்டாதுங்க’, அதாவது இந்த விலை கட்டுப்படியாகாது, என்று சொல்லிவிட்டால் ஏலம் செல்லாது, தாரை எடுத்துக்கொண்டு போகலாம். வசதியுள்ளவர்கள் விலைவாசி தெரிந்துகொள்ளவே ஒரு தாரை மட்டும் வெட்டி வந்து ஏலத்தில் வைப்பார்கள். விற்க அல்ல, சும்மா விலை பார்க்க. பார்த்துவிட்டு ‘கட்டாது’ என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைச் சொல்வதற்குத் திரும்ப ஏற்றிப்போகச் சொந்த வண்டி வேண்டும், இரண்டு நாள் பொறுக்க வீட்டில் அரிசி வேண்டும். ஏலக்காரர் முகத்தைப் பார்ப்பதற்குள் அப்பா தலையை ஆட்டிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் நவநீதண்ணன் ‘கட்டாது’ என்று சொல்லி நாற்பது தாரையும் தன் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் வேண்டாமென்று தள்ளிய விலையைவிடக் குறைவாக அப்பாவின் தார் அடுத்து ஏலம் போனது. அப்பா தலையை ஆட்டினார். ஒரு வாரம் நான் அப்பாவுடன் பேசவில்லை. கோபப்பட வேண்டியது யார் மேல் என்று தெரிந்தும் அவர் மேல்தான் கோபப்பட்டேன். கைக்கு எட்டினவர் அவர்தானே.

சரி, என் வில்லுக்கு வருகிறேன். அதன் பெயர் மயில்வில். சனிக்கிழமைதோறும் ஏழுதலை நாகத்தைக் கொல்லப் போவோம். அது செத்தால் எப்போதாவது ஒரு தடவை அந்த வில் விழும். விழுந்தால் சண்டை போட்டவர்கள் எல்லாரும் நூறு வரைக்கும் தாயம் உருட்ட வேண்டும், அதிகம் விழுந்தவருக்கு வில். பதினோரு மாதம் போனோம். விழுந்த அன்று எனக்குத் தொண்ணூற்று எட்டு. நவநீதண்ணனுக்குப் பன்னிரண்டு. “தளபதி கையில இருந்தாத்தான் மருவாதி” என்று இரண்டு வாரம் ஜாடை பேசினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் எடுப்பவர் பெயரை அந்த வில் தன் மேல் பொறித்துக்கொள்ளும். ‘முதலில் ஏந்தியவர்: செங்குளவி.’ வீடு அப்பா பெயரில், வண்டி தம்பி பெயரில், சிலிண்டர் அம்மா பெயரில். என் பெயரில் இருந்தது அந்த வில் ஒன்றுதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அப்படிப்பட்ட வில்லை நான் எப்படி அவரிடம் கொடுத்தேன்? கோட்டைப் போர் வந்தது. படையின் பொதுப் பெட்டியில் இருக்கும் பொருள்களின் மொத்த மதிப்பைப் பார்த்துத்தான் போரில் இடம் தருவார்கள். சனிக்கிழமை இரவு எட்டரைக்குக் கணக்கு எடுப்பார்கள், ஞாயிறு காலை போர். எல்லாரும் நல்ல பொருளைப் பெட்டியில் போடுங்கள், போருக்கு முன்னால் திரும்பத் தந்துவிடலாம் என்றார் தளபதி. பெட்டிச் சாவி அவரிடம். என்னோடு சேர்த்து ஐம்பத்து மூன்று பேரும் போட்டோம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று ஒருவர் காத்திருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் கடையில் எலுமிச்சைச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பச்சிலை விற்கலாம் என்று ஏலக்கூடத்தைத் திறந்தேன். முதல் வரிசையிலேயே மயில்வில். ஆரம்ப விலை ஆயிரம் பொன். இப்போதைய கேள்வி நாற்பத்திரண்டாயிரம். முடிய நாலரை மணி நேரம். கீழே, முதலில் ஏந்தியவர் செங்குளவி.

சோற்றில் கை வைக்காமல் தளபதிக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, மயில்வில்லு ஏலத்துல கெடக்குதுங்க.”

“ஆமா அம்மிணி, நாந்தான் நேத்துச் சாயங்காலம் போட்டன்.”

“எதுக்குங்க?”

“சும்மா வெலை பாக்கத்தான். நம்ம பெட்டியில கெடக்கறது எத்தன பெறும்னு தெரிய வேண்டாமா? நாளைக்கு நாலு பேருகிட்டச் சொல்லோணுமல்ல.”

“நேரம் முடிஞ்சா வித்துப்போயிருங்க.”

“முடியறப்பக் கேப்பான். கட்டாதுன்னு சொல்லிப்போட்டு எடுத்துக்க வேண்டியதுதான்.”

“யாருங்க கேப்பாங்க?”

“ஏலம் உடறவன்.”

“அங்க ஆளே கெடையாதுங்கண்ணா. எல்லாம் கம்ப்யூட்டரு.”

“கம்ப்யூட்டரா இருந்தாலும் கேக்கோணுமல்ல? பொருளுக்காரனக் கேக்காம என்ன ஏலம்? பொருளு யாருது?”

“பொருளு என்றதுங்க” என்றேன்.

அந்தப் பக்கம் கத்திய மாட்டை ஓர் அதட்டு அதட்டினார். பிறகு, “அது பெட்டியில இருக்குதல்ல” என்றார்.

ரத்து செய்யும் பொத்தானைத் தேடச் சொன்னேன். தேடினார். “ரத்துன்னு ஒண்ணு இருக்குது, அமுத்துனா அசைய மாட்டேங்குது” என்றார். அசையாது. ஒருவர் விலை கேட்டுவிட்டால் பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று ஏலக்கூடத்து வாசலிலேயே எழுதியிருக்கிறது. வாசலில் எழுதியிருப்பதையெல்லாம் படிப்பவர் தளபதி ஆக மாட்டார் போலிருக்கிறது. “செரி உடு, ஆனைக்கும் அடி சறுக்கும். திங்கக்கெழமை கம்பெனியில பேசிக்கலாம். பெங்களூருல நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கறான்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த நிலையிலும் தன்னை ஆனை என்றே சொல்லிக்கொண்டார் பாருங்கள்.

சோற்றை மூடி வைத்துவிட்டு நாற்பத்தைந்தாயிரம் கேட்டேன். கையை எடுப்பதற்குள் ஐம்பதாயிரம் என்று வந்தது. ஐம்பத்தைந்து கேட்டேன், அறுபது. அறுபத்தைந்து, எழுபது. எதிரில் இருந்த ஆள் ஒவ்வொரு தடவையும் சரியாக ஐயாயிரம் ஏற்றினான். பத்து எண்ணுவதற்குள் ஏற்றினான். நடுவில் ஒருவர் வந்து ஒன்றரை இஞ்ச் எல்போ ஆறு கேட்டார். நான் பதினாறு என்று பில் போட்டேன். முதலாளி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மூன்று மணிக்கு விலை ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் நின்றது. கேட்டது அந்த ஆள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. விலை தெரிந்தவன் கேட்பதற்கு முன்னால் யோசிப்பான். இவன் யோசிக்கவே இல்லை. இவனிடம் ஏறி ஏறிப் போனால் என் பொன் தீர்வதுதான் மிச்சம். அப்பாவோடு மண்டிக்குப் போகும்போது நாச்சிமுத்து என்று ஒரு கரூர் வியாபாரியைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கத்தும்போது அவர் பின்னால் நின்று காதைக் குடைந்துகொண்டிருப்பார். மூன்றாம் தரம் சொல்ல வாயைத் திறக்கும்போது ஒரே ஒரு தடவை பேசுவார். பெரும்பாலும் சரக்கு அவருக்குத்தான் போகும்.

நான் காதைக் குடைய ஆரம்பித்தேன். இருந்த பச்சிலை முழுவதையும் அன்றைய விலைக்குப் பாதியாகப் போட்டேன். போருக்கு முந்தின நாள் அல்லவா, ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது. எட்டு வாரச் சரக்கு. ஆக மொத்தம் கையில் மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்று ஐம்பது பொன். இதற்கிடையில் வேறு இரண்டு மூன்று பேர் வில்லைக் கேட்டுப் பார்த்தார்கள். அந்த ஐயாயிரத்துக்காரன் எல்லாரையும் ஏறி மிதித்தான். ஐந்தரைக்கு இரண்டு லட்சத்து எழுபத்தைந்து.

ஏலம் ஆறு பத்துக்கு முடியும். என் பஸ் ஐந்து நாற்பதுக்கு. அதை விட்டால் அடுத்த பஸ் எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஆறு ஐந்துக்குத் தென்னந்தோப்புப் பக்கம் போனதும் சிக்னல் செத்தது. திரை வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“அண்ணா, நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

“இங்க ஸ்டாப் இல்லீங்க்கா” என்றார் கண்டக்டர்.

“நிறுத்துங்கண்ணா, அவசரம்.”

வாந்தி வருகிறது என்று நினைத்திருப்பார். விசில் கொடுத்தார். இறங்கி வந்த வழியே வாய்க்கால் பாலத்துக்கு ஓடினேன். பாலத்துக்கு மேலே இரண்டு கோடு சிக்னல் வந்தது. விலை இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மிச்சம் நாற்பது விநாடி. இருந்ததையெல்லாம் எண்ணில் அடித்து, கட்டைவிரலை மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவனுக்குப் பத்து எண்ண வேண்டும். மிச்சம் ஏழு விநாடி இருக்கும்போது நான் அமுக்கினேன்.

‘ஏலம் முடிந்தது. மயில்வில் உங்களுடையது.’

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்பட ஒரு நிமிஷம்தான் கிடைத்தது. என் வில்லை நானே வாங்கியிருக்கிறேன். ஒன்றரை வருஷம் தழை விற்றுச் சேர்த்த பொன் முழுவதும், கமிஷன் போக, நவநீதகிருஷ்ணனின் பையில் போய் விழுந்திருக்கிறது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. அந்தக் குதிரைக்குக் கொள்ளு வைத்தவளும் நான்தான். மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனேன், வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு.

ஏழரைக்குப் படைக் கூட்டம். விளையாட்டுக்குள் எங்களுக்கு ஒரு மண்டபம் உண்டு. எல்லாரும் தங்கள் வீரனை அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். மைக்கில் பேசுவது ஐம்பத்து மூன்று பேருக்கும் கேட்கும். என் இயர்போன் ஒரு மாதமாகச் செத்துக் கிடக்கிறது, அதனால் கைப்பேசியைச் சத்தமாக வைத்தேன். நான் போகும்போது தளபதி ஆரம்பித்துவிட்டிருந்தார். நான் மண்டபத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றேன்.

“நம்ம பெட்டியில இருந்த ஒரே ஒரு பொருளு, ஆயிரத்துக்குப் போட்டது, மூணு லட்சத்துப் பதினேழாயிரத்துச் சொச்சத்துக்குப் போயிருக்குது! எப்பிடி?”

சிங்கங்கள் கைதட்டின. யாரோ ஒருவன், “அது மஞ்சக்கா வில்லுங்களே” என்றான்.

“பெட்டிக்கு வந்துட்டாப் பொதுவுதான்” என்றார் தளபதி. “சும்மா ஏறுச்சுன்னு நெனச்சீங்களா? மொதல்ல திருப்பி எடுத்தறலாம்னுதான் சந்தோஷக் கேக்கச் சொன்னேன். பாத்தா எதுத்தாப்புல ஒரு பைத்தியக்காரன் ஏறி ஏறி வாரான். செரி கெடக்குது, எடுக்கறதெதுக்கு, அஞ்சு அஞ்சாயிரமா ஏத்தி உடு மாப்ளைன்னேன். மண்டியில இருவது வருசம் நின்ன ஆளு நானு.”

ஐயாயிரத்துக்காரன் யார் என்று அப்போது தெரிந்தது. நாற்பத்தைந்தாயிரத்துக்கு எனக்கு வந்திருக்க வேண்டிய வில். மதியம் போனில் ‘பொருள் என்னுடையது’ என்று நான் சொன்னதற்குப் பிறகு இதைச் செய்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பேசியைச் சுவரில் அடித்திருப்பேன். உடைந்தால் வேறு வாங்க வழியில்லை என்பதால் அது தப்பியது.

“ஆளுக்கு அஞ்சாயிரம் பங்கு. மிச்சம் படைச் செலவுக்கு. மஞ்சுக்கு மட்டும் பத்தாயிரம், அவ வில்லுங்கற மொறைக்கு. என்ன மஞ்சு, சந்தோசமா?”

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பவரைப் பார்த்திருக்கிறேன். உடைத்துவிட்டுத் தேங்காய்க்காரனிடமே ஒரு சில்லை நீட்டி நன்றி எதிர்பார்ப்பவரை அன்றுதான் பார்த்தேன். வில்லை எடுத்து என் செங்குளவியின் தோளில் மாட்டி, மண்டபத்துக்குள் நடந்து போனேன். அந்த வில்லைத் தோளில் போட்டால் சுற்றிலும் மயில்நிறத்தில் வெளிச்சம் விழும்.

“அந்தப் பைத்தியம் நாந்தானுங்க” என்றேன்.

யாரோ சிரித்து அடக்கினார்கள். தளபதி சமாளித்துக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. வெட்கப்படத் தெரியாதவர்களுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

“அட, நல்லதாப் போச்சு! ஊட்டுப் பொருளு ஊட்டுக்கே வந்துருச்சு. எட்டரைக்குக் கணக்கெடுக்கறான், பெட்டியில போட்டுரு. இப்பத்தான் மாப்ளை கணக்குப் பாத்தான், அது இல்லைன்னா நம்ம படைக்கு எடமில்ல.”

“போட முடியாதுங்க.”

“ஏன்?”

“என்றதுங்க. இப்ப வெலைக்கும் வாங்கிட்டேன்.”

“செரி, கோச்சுக்காத. வெலைக்கே குடு. எத்தன வேணும்?”

என் வாய் எனக்கு முந்திக்கொண்டது. “நீங்களே கேளுங்கண்ணா. சும்மா வெலை பாக்கலாம்.”

“மூணு இருவது” என்றார். நான் காதைக் குடைந்தேன். “மூணு அம்பது.” “நாலு.” எதிரில் கேட்பதற்கு ஆளே இல்லாமல் ஒரு மனிதர் தனக்குத் தானே ஏற்றிக்கொண்டு போவதை ஐம்பத்து இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“மாமா, நம்மகிட்ட அவ்வளவு இல்லீங்” என்றான் சந்தோஷ்குமார்.

“நீ சும்மா இரு மாப்ளை. நாலரை. அஞ்சு! அஞ்சு லட்சம், அம்மிணி.”

பின்னால் நிழல் அசைந்தது போலிருந்ததால் திரும்பிப் பார்த்தேன். அப்பா. ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து நின்றுகொண்டிருந்தார். போனில் வந்த குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நவநீதகிருஷ்ணனை அவர் பண்ணாடி, அதாவது எசமான், என்றுதான் சொல்லுவார். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற பண்ணாடியின் குரலுக்கு, எங்கள் வீட்டுக்குள், தைலக் கையோடு எழுந்து நிற்கிறார்.

“தொணைத் தளபதியும் நீயே இரு” என்றது கைப்பேசி. “பெட்டிச் சாவியும் உன்ற கையிலயே இருக்கட்டும். இதுக்கு மேல என்ன சாமி கேக்கறது? என்னன்னு சொல்லு. மூணாந்தரம் ஆச்சு.”

விளையாட்டுத்தான். பொன்னும் பொய், வில்லும் பொய். அப்படியிருந்தும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் சொல்லிப் பழகாத சொல்.

“கட்டாதுங்க” என்றேன்.

“என்னது?”

“கட்டாதுங்கண்ணா. நான் எடுத்துட்டுப் போறேன்.”

மண்டபத்தை விட்டு வெளியே வந்து, ‘படையிலிருந்து விலகு’ என்பதை அமுக்கினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். கம்ப்யூட்டர் என்றாலும் இதற்கு ஆளைக் கேட்கிறது.

அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். “பண்ணாடிங்களா பேசுனது?”

“ஆமாங்ப்பா.”

“அஞ்சு லட்சம்னாங்க?”

“வெளையாட்டுக் காசுங்ப்பா. நெசமில்ல.”

அது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. “நீ கட்டாதுன்னா சொன்ன?”

“ஆமாங்ப்பா.”

“அவிய மூஞ்சிக்கு நேராவா?”

“நேராத்தான்.”

மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தைலக் குப்பியின் மூடியைத் திருகி மூடினார், மறுபடி திறந்தார். அடுத்த நாள் விடியக்காலை பத்தொன்பது தார் வெட்டி மண்டிக்கு அனுப்ப வேண்டும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அப்பிடிச் சொன்னா, ஒண்ணும் பண்ண மாட்டாங்களா சாமி?”